உஷார்! பேரைச் சொல்லி அழைப்பவர் எல்லாம் தெரிந்தவர் அல்ல

வேடசந்தூர்க்காரர்களே, முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். போனில் பேசுகிறவன் உங்கள் பெயர், அப்பா பெயர், தெரு, ஆதாரின் கடைசி நான்கு எண், போன வருடம் நடந்த ஆபரேஷன் வரை பிசகாமல் சொல்கிறான் என்றால், அவன் பேங்க்காரன் என்றோ இன்ஷூரன்ஸ்காரன் என்றோ அர்த்தமில்லை. உங்கள் விவரம் எங்கோ கசிந்து அவன் கைக்குப் போயிருக்கலாம். "இவ்வளவு கரெக்டா சொல்றாரே, நம்ம பேங்க் ஆளாத்தான் இருக்கும்" என்ற நினைப்பு இருக்கிறதே, அதை நம்பித்தான் அவன் போனையே போடுகிறான்.

எங்கிருந்து கசியும்? நம் மாநிலத்துக் கதையே இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ், நாட்டின் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று. 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. டெலிகிராமில் யாரோ ஒருவர் தானியங்கி 'பாட்' வைத்து, அந்தக் கம்பெனி வாடிக்கையாளர்களின் கோப்புகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிருபர்கள் சோதித்துப் பார்த்தபோது 1,500-க்கும் மேற்பட்ட கோப்புகள் கைக்கு வந்தன. பாலிசி, கிளெய்ம் பேப்பர், போன் நம்பர், முகவரி, அடையாள அட்டை நகல், ரத்தப் பரிசோதனை முடிவு, டாக்டர் எழுதிய நோயின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக அந்த ஆள் சொல்லிக்கொண்டார்.

கம்பெனி முதலில் என்ன சொன்னது? பெரிய பாதிப்பு இல்லை, முக்கிய விவரங்கள் பத்திரமாக இருக்கின்றன என்றது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராம் மீதும் அந்த ஹேக்கர் மீதும் தடை வாங்கியது. அக்டோபரில்தான், ஆமாம், தாக்குதல் நடந்தது, சில விவரங்களைச் சட்டவிரோதமாக எடுத்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. தங்கள் பேப்பர் வெளியே சுற்றுகிறது என்பதை, ராய்ட்டர்ஸ் பேசிய பாலிசிதாரர்கள் அந்த நிருபர் காட்டித்தான் தெரிந்துகொண்டார்கள். கோர்ட்டுக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு, வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியவருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போடத் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

தனியார்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்கள் சுமார் 49 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண் உட்பட, ஹேக்கர்கள் கூடும் தளத்தில் கிடந்ததைப் பெங்களூரைச் சேர்ந்த டெக்னிசாங்க்ட் என்ற நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. 2023 ஜூனில் கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தின் விவரம். போன் நம்பரைத் தட்டினால் பெயர், அடையாள எண், ஊசி போட்ட இடம் எல்லாம் டெலிகிராமில் வந்தது. அடிப்படையற்ற, விஷமத்தனமான செய்தி என்றது மத்திய சுகாதார அமைச்சகம். அதே மாதம் இதே விவகாரத்தில் பீகாரைச் சேர்ந்த ஒருவரை டெல்லி போலீஸ் கைது செய்தது. அடிப்படையே இல்லாத செய்திக்குக் கைது எதற்கு என்று யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தாலுகா ஆபீஸ் பக்கமோ பஸ் ஸ்டாண்டு பக்கமோ, எந்த ஊர் ஜெராக்ஸ் கடையிலும் இதுதான் நடைமுறை. "அண்ணே, இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி விடுங்க" என்று சுவரில் ஒட்டிய நம்பரைக் காட்டுவார்கள். அனுப்புகிறோம். பிரின்ட் வருகிறது, காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறோம். அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரை நினைத்துப் பாருங்கள். ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், பட்டா, சாதிச் சான்று என்று பாதி ஊர் அதில் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் தங்கமானவராகவே இருக்கட்டும். அந்த மெஷினில் பாஸ்வேர்டு இருக்கிறதா, வேலைக்கு வரும் பையன் யார், பழைய ஹார்டு டிஸ்க் எங்கே போகிறது என்று யார் கேட்டோம்? சரியாக விழாத காப்பி வடை மடிக்கப் போவதும் உண்டு. அடுத்த முறை நின்று, கண் முன்னால் டெலீட் செய்யச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலும் சேர்த்து. கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள். எண்ணை மறைத்து, கடைசி நான்கு இலக்கம் மட்டும் காட்டும் ஆதாரை, ஆதார் ஆணையமான யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பல வேலைகளுக்கு அதுவே போதும்.

அடுத்தது சிம் கார்டு. ரோட்டோரம் குடை போட்டு விற்கிறார்கள். மில் வேலைக்கு வந்த பெண் பிள்ளைகளும் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் பையன்களும் வாங்குகிறார்கள். "ரேகை சரியா விழலைம்மா, இன்னொருக்கா வைங்க." வைக்கிறோம். முதல் ரேகை நம் சிம்முக்கு. இரண்டாவது ரேகை, நாம் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு சிம்முக்குப் போயிருக்கலாம். இப்படி எடுத்த சிம்கள் மோசடிக் கும்பல்களுக்குப் போவது பல மாநிலப் போலீஸ் வழக்குகளில் வெளிவந்திருக்கிறது. அந்த நம்பரில் எங்கோ ஒருவர் பணத்தை இழந்தால், போலீஸ் முதலில் தேடி வருவது ரேகைக்குச் சொந்தக்காரரைத்தான். ஒருவர் பெயரில் 9 சிம் வரை இருக்கலாம் என்பது விதி. மீதி எட்டு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

லோன் ஆப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காண்டாக்ட் லிஸ்ட், கால் விவரம், போட்டோ இவற்றைத் தொடக்கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி கடன் ஆப்களுக்குத் தடை போட்டாயிற்று. கேட்கிற ஆப் எதுவானாலும் அது விதியை மீறுகிறது, அந்த நிமிடமே அழித்துவிடுங்கள். தவணை தவறினால் உங்கள் அத்தை, சித்தப்பா, மில் சூப்பர்வைசர் எல்லோருக்கும் அசிங்கமான மெசேஜ் போவது அந்த ஒரு 'அலவ்' பட்டனிலிருந்துதான்.

சரி, சட்டம் என்று ஒன்று இல்லையா என்பீர்கள். இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடமைகள் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தப் போவது 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில். அதுவரை கசிவு நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி உண்டு. உங்களுக்கும் எனக்கும் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. அபராதப் பணமும் அரசாங்க நிதிக்குத்தான் போகும், ஏமாந்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கம்பெனிக்கு 18 மாத அவகாசம் கொடுத்தவர்கள் இன்னொரு காரியத்துக்கு அவகாசமே கொடுக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் செய்த திருத்தம் விதிகள் வந்தபோதே அமலுக்கு வந்துவிட்டது. முன்பு, பொது நலன் இருந்தால் தனிப்பட்ட விவரத்தையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரு சொல்லைக் காட்டி மனுவைத் திருப்பி அனுப்பிவிடலாம். பொது நலனைப் பேசும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி மேல்முறையீடு வரை அலைய வேண்டியவர் மனுதாரர்தான். நம் பஞ்சாயத்தில் வீடு கட்டும் திட்டத்தில் யார் யாருக்குப் பணம் போனது என்று கேட்கும் கேள்விக்கே இது முட்டுக்கட்டை ஆகலாம். நம் விவரம் சந்தையில் கிடக்கிறது, அதிகாரத்தில் இருப்பவர்கள் விவரத்துக்குப் பூட்டு. எனக்கு இது தலைகீழாகத்தான் தெரிகிறது.

ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும்வரை காத்திருக்காதீர்கள். மை ஆதார் தளத்திலேயே ரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டியிருக்கும்போது ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் ஏற்காது, சாமான் வாங்கப் போகும் அன்று திறந்துகொள்ள வேண்டும். போனில் யார் எவ்வளவு விவரம் சொன்னாலும், "நானே ஆபீசுக்கு வர்றேன்" என்று கட் பண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம் என்று ஏ.பி.கே. ஃபைல் (ஆப் நிறுவும் ஃபைல்) வந்தால், சொந்த மச்சான் நம்பரிலிருந்தே வந்தாலும் திறக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்கு அடியுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு வேறு கணக்குக்குத் தாவிவிடும்.

வீட்டில் மில்லுக்குப் போகிற பிள்ளை இருந்தால், இன்று ராத்திரியே மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தைத் திறந்து அவள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். ஆப் இறக்க வேண்டியதில்லை. எல்லாப் புதுப் போனிலும் அதைத் திணிக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2025 டிசம்பரில் அரசே உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டது. வெப்சைட்டிலேயே பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் 'என்னுடைய நம்பர் இல்லை' என்று அங்கேயே குறித்துவிடுங்கள்.