நாடகத்திற்கு ஆள் எடுக்கிறார்கள்!

திருவிழா என்றால் அந்தக் காலத் தோட்டங்களில் மூன்று காரியங்கள் தவறாமல் நடக்கும். காலையில் காவடி, மதியம் அன்னதானம், இரவில் நாடகம். கோயில் திடலில் பலகை அடுக்கி மேடை கட்டி, சேலைகளைத் திரையாக இழுத்து, பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டால் அரங்கம் தயார். விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டுமே என்ற கவலைகூட இல்லாமல் சனம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். பால்மரம் வெட்டுகிறவர்தான் அரிச்சந்திரன். பகலெல்லாம் வேலை வாங்கிய தண்டல்தான் விசுவாமித்திரர் என்றால் கூட்டத்திற்கு இரட்டிப்புக் கொண்டாட்டம்!

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களில் குடியேறிவிட்டன. ஆனாலும் நாடக ஆசை விட்டுப் போகவில்லை. வரும் பருவத்தில் இரண்டு மூன்று நாடகங்களாவது போடலாம் என்று ஆலய நிர்வாகமோ இளைஞர் மன்றமோ கூட்டம் போடுகிறது. உடனே ஒரு கேள்வி எழுகிறது: “நடிக்க ஆள் எங்கே?”

ஆள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடும் முறைதான் இல்லை. தலைவர் மகன் கதாநாயகன், செயலாளர் தம்பி வில்லன் என்று கூட்டத்திலேயே வேடங்களைப் பங்கிட்டுக்கொண்டால், கடைசி வீட்டில் இருக்கும் திறமைசாலி எப்படி வருவான்? எல்லாருக்கும் தெரிய அறிவித்து நடத்தும் நடிகர் தேர்வுதான் இதற்கு மருந்து.

ஏழைப் பிள்ளைகள் வளர்த்த கலை

தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுபவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918-ஆம் ஆண்டு மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் டி. கே. சண்முகம். அப்போது அவருக்கு வயது ஆறு. வறுமையில் வாடிய குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு இத்தகைய கம்பெனிகளே பள்ளிக்கூடம், சோறு, தொழில் எல்லாமாக இருந்தன. சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற நாடகங்கள் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன.

பின்னர் 1952-இல் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். சிங்கப்பூரிலும் மலாயாத் தோட்டங்களிலும் அது பரவியது. பேச்சு, பாட்டு, நாடகம் என்று தொழிலாளர் பிள்ளைகள் மேடையேற அது வழி திறந்தது. மேடை நம்முடையது என்ற துணிவு நம்மவர்க்கு வந்த காலம் அது.

மகளை அனுப்பலாமா?

பழைய நாடகங்களில் பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். அதற்கு ‘ஸ்திரீ பார்ட்’ என்று பெயர். 1942-இல் ‘ஔவையார்’ நாடகத்தில் கிழவியாக நடித்துத்தான் டி. கே. சண்முகம் ‘ஔவை சண்முகம்’ ஆனார். அதற்கு முன்பே பெண்களும் மேடையில் புகழ் பெற்றார்கள். கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பாவுடன் ‘வள்ளி திருமண’த்தில் நடித்துப் பாடியதை நாடகப் பிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

இப்போது வள்ளி வேடத்திற்குப் பெண் வேண்டும் என்று கேட்டால், “ராத்திரி ஒத்திகைக்கு எப்படி அனுப்புவது?” என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாடகக் குழுவின் கடமை. ஒத்திகை இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடியும் என்று எழுதிக் கொடுக்கட்டும். ஒத்திகை நடக்கும் இடத்தில் வயதில் மூத்த பெண்கள் இருவர் எப்போதும் இருக்கட்டும். பிள்ளைகளை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும் பொறுப்பை ஒருவர் ஏற்கட்டும். தாயும் விரும்பினால் கூட வந்து உட்காரட்டும். இத்தனையும் செய்யாமல், “பெண்கள் நடிக்க வருவதில்லை” என்று குறை சொல்வதில் பொருளில்லை.

எந்த நாடகம்?

ஆளைப் பார்த்து நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். கோயில் திருவிழாவுக்கு ஒரு புராண நாடகம், மண்டபத்தில் ஒரு சமூக நாடகம், பள்ளி விடுமுறையில் சிறுவர் நாடகம் ஒன்று என்று மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் எல்லா வயதினருக்கும் இடம் கிடைக்கும். ‘வள்ளி திருமண’த்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் மட்டுமே மணிக்கணக்கில் நீளும். இக்காலத்துக்கு முழு நாடகத்தையும் ஒன்றரை மணி நேரத்தில் அடக்கிவிடலாம்.

சுவாமிகள் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டதால் அவர் நாடகங்களுக்கு உரிமைத் தொகை தர வேண்டியதில்லை. இக்கால எழுத்தாளரின் நாடகமானால் அவர் சம்மதம் கேட்டே ஆக வேண்டும். பொது மேடைக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் தேவைப்படும். அதைக் கடைசி வாரத்திற்குத் தள்ளி வைக்காதீர்கள்.

தேர்வு நாளன்று

மூன்று வாரங்களுக்கு முன்பே கோயிலிலும் கடைத்தெருவிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். ஞாயிறு பிற்பகல் நல்ல நேரம். தேர்வு செய்பவர்கள் மூவராக இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது வெளியூர்க்காரராக இருந்தால் உறவு, பகை என்ற பேச்சு எழாது.

வருகிறவருக்கு அரைப் பக்க வசனம் போதும். முதலில் அவர் விருப்பப்படி பேசச் சொல்லுங்கள். பிறகு, “இதையே அழுகையை அடக்கிக்கொண்டு பேசுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்கிறவரே ஒத்திகையில் வளர்வார். நடுவர்களில் ஒருவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல் அவர் காதுக்கு எட்டுகிறதா என்பதே முதல் சோதனை.

தமிழ்ப் பள்ளியில் படிக்காத பிள்ளைகள் பலர் உண்டு. எழுத்துக் கூட்ட வரவில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வசனத்தைக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து கொடுங்கள்; கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத நம் பெரியவர்கள் நாடகம் முழுவதையும் காதால் கேட்டே கற்றார்கள் அல்லவா? அப்படி நாவில் ஏறிய தமிழ் பிறகு வீட்டிலும் ஒலிக்கும்.

தேர்வு பெறாதவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். உடை, ஒப்பனை, விளக்கு, காட்சி மாற்றம் எல்லாவற்றுக்கும் கைகள் வேண்டும். ஒவ்வொரு நாடகத்திலும் சில சிறு வேடங்களைப் புதியவர்களுக்கென்றே ஒதுக்கினால், இந்த ஆண்டு ஈட்டி பிடித்து நின்ற காவலாளி அடுத்த ஆண்டு ராஜபார்ட் ஆவான்.

தோட்டத்து நாடகப் பாட்டுகளின் மெட்டு இன்னும் சில தாத்தா பாட்டிகளின் நெஞ்சில்தான் இருக்கிறது. அவர்களையும் ஒருநாள் ஒத்திகைக்கு அழைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர்களோடு அது போய்விட்டால் நாம் எந்தக் கடையிலும் போய் வாங்க முடியாது.

ஆகவே அன்பர்களே, உங்கள் வட்டாரத்தில் நாடகத்திற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் மகனோடு மகளையும் அனுப்புங்கள். அம்மா, நீங்களும் கூடப் போங்கள். கிழவி வேடத்திற்காக இருபது வயதுப் பெண்ணின் தலையில் வெள்ளை பூசும் வேலையாவது குழுவுக்கு மிச்சமாகும்!