விசைக்கு மெருகிடல்

உராய்வின்றி உலகியல் இல்லை. அஃதில்லையேல் நடப்பவர் கால் நிலத்தில் ஊன்றாது. எழுதுவோர் கோல் தாளிற் பதியாது. எனினும், வேண்டாத இடத்தில் அது மிகுமாயின் பொருளும் தேயும். கையாள்வோர் கையும் சலிக்கும். கணினியின் விசைப்பலகை இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. கட்டுரையும் கணக்கும் கடிதமும் அதன் வாயிலாகவே எழுதப்பெறும் இக்காலத்தில், விசைகளைப் பிரித்தெடுத்து, தேய்பொருளிட்டு மெருகேற்றி, விரலுக்கு இதமாக்கிக்கொள்ளும் வழக்கம் ஆர்வலரிடையே உண்டு. அது நன்மை பயப்பதோ, கேடு பயப்பதோ என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் விசையின் அமைப்பை அறிதல் வேண்டும். பொறிவிசைப்பலகை எனப்படும் வகையில் ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் தனித்தனிச் சுவிட்சு ஒன்று உண்டு. ஜெர்மானியச் செர்ரி நிறுவனத்தார் 1980-களில் வெளியிட்ட எம்எக்ஸ் வகையே இன்றுள்ள பலவற்றிற்கும் முன்மாதிரி. மேற்கூடு, கீழ்க்கூடு, அவற்றினிடையே ஏறியிறங்கும் தண்டு, அதனைத் தாங்கும் சுருள்வில், மின்னோட்டத்தை இணைக்கும் உலோகத் தகடு ஆகியவை அதன் உறுப்புகள். அவ்வகையிற் சிவப்புத் தண்டுடையது ஏறத்தாழ 45 கிராம் எடையின் அழுத்தத்தால் இயங்கும். தண்டு 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்துப் பதியும். முழு இறக்கம் 4 மில்லிமீட்டரே. இத்துணைச் சிறிய வழியில் நேரும் தடையை விரல் உணருமோ எனச் சிலர் ஐயுறலாம். ஒரு பக்கம் எழுத ஈராயிரம் முறை விரல் தாழ்கின்றது எனக் கொண்டால் அவ்வையம் தானே நீங்கும்.

தண்டு பெரும்பாலும் பாலியாக்ஸிமெத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கினாலும், கூடு நைலான் முதலியவற்றாலும் ஆக்கப்பெறும். முன்னது இயல்பிலேயே வழுவழுப்புடையது. அங்ஙனமாகவும் தடை தோன்றுவது ஏன்? உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுட் செலுத்திக் குளிர்விக்கையில், அச்சின் முகத்திலுள்ள கீறல்கள் உறுப்பின்மீதும் படிந்துவிடுகின்றன. உராயும் இரு முகங்களின் நுண்மேடுகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாக இருத்தலே விரலுக்குச் சரசரப்பாகத் தோன்றுகின்றது. நெடுநாள் உழைப்பில் இம்மேடுகள் தாமே தேயும். பல்லாண்டு உழைத்த கருப்புத் தண்டுச் சுவிட்சுகளை ஆர்வலர் தேடி வாங்குவது இதுபற்றியே. அப்பல்லாண்டு உழைப்பைச் சில நாழிகையில் முடிக்க முயல்வதே மெருகிடல்.

நிற்க. தேய்பொருள்களின் வரலாற்றில் தமிழுக்கு ஒரு தனியிடம் உண்டு. மணிகளைப் பட்டை தீட்டவும் கருவிகளைச் சாணை பிடிக்கவும் நம் நாட்டார் குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கிற் கலந்து சக்கரமாக்கிப் பயன்படுத்தினர். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இக்கல் கிடைக்கும் இடங்களுள் ஒன்று. 1798 ஆம் ஆண்டு சார்லஸ் கிரெவில் என்பார் ஆசியாவிலிருந்து பெற்ற குருந்தக்கல்லைப்பற்றி இலண்டன் ராயல் சங்கத்து வெளியீட்டில் விரிவாக எழுதினார். குருந்தம் என்னும் நம் சொல்லே மேனாட்டு நூல்களில் 'கொரண்டம்' என வழங்குகின்றது. பின்னர் 1891 இல் அமெரிக்கராகிய எட்வர்டு அச்சேசன் களிமண்ணையும் கரியையும் மின்னுலையிற் காய்ச்சிக் கடியதொரு புதுப்பொருளைக் கண்டார். அதனைக் கரியும் குருந்தமும் கூடியதெனக் கருதிக் 'கார்போரண்டம்' எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. ஆயினும் பெயர் நிலைத்தது. 1954 இல் தொடங்கப்பெற்ற கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலும் அத்தமிழ்ச்சொல்லின் சாயலைக் காணலாம்.

குருந்தத்தின் கடினம் மோஸ் அளவையில் 9, வைரத்தினுடையது 10. பல்லாவரத்துக் குன்றுகளின் கல்லில் அடங்கிய குவார்ட்சின் கடினம் 7 ஆதலின், அக்கல்லுக்கு மெருகிட அதனினும் கடிய பொருள் வேண்டும். பிளாஸ்டிக்கோ மிக மென்மையானது. பற்பசையிலுள்ள தூளே அதனைத் தேய்க்கும். ஆகவே, விசைக்கு மெருகிடுவார் கருதவேண்டுவது தேய்பொருளின் கடினமன்று, அதன் நுண்மையே. உப்புத்தாளின் பின்புறத்தில் அச்சிட்ட எண் மிகமிகத் துகள் சிறிதாகும். ஐரோப்பிய அளவுமுறையில் 400 எண்ணுடைய தாளின் துகள் சராசரி 35 மைக்ரான். 1000 எண்ணுடையதன் துகள் 18 மைக்ரான். 2000 எண்ணுடையதன் துகள் 10 மைக்ரான். துகளின் அளவுக்கேற்பவே கீறலின் ஆழமும் அமையும். எனவே, மெருகிடல் என்பது பெருங்கீறலைச் சிறுகீறலாக மாற்றுவதேயன்றிக் கீறலை முற்றும் ஒழிப்பதன்று.

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலையில் படப்பையைக் கடந்தால் ஒரகடம் வரும். அங்குள்ள மோட்டார்த் தொழிற்சாலைகள் ஆக்கும் வண்டிகளில் பிளாஸ்டிக் உறுப்புகள் மிகப் பல. அத்தகைய உறுப்புகளை வார்க்கும் அச்சுகளுக்கு மெருகிடுவோர் கையாளும் முறை நமக்குப் பாடமாகும். அவர்கள் பருந்துகளில் தொடங்கிப் படிப்படியாக நுண்துகளுக்குச் செல்வர். படிதோறும் தேய்க்கும் திசையை மாற்றுவர். முந்திய கீறல் முழுதும் மறைந்தாலன்றி அடுத்த படிக்குப் போகார். படிக்குப் படி முகத்தைத் துடைத்துத் தூய்மை செய்வர். கடைசியிலே வைரத்தூட் பசை. இங்ஙனம் ஓர் அச்சு மெருகேறினால், அதினின்று வரும் பல்லாயிரம் உறுப்புகளும் மெருகுடன் பிறக்கும். சுவிட்சை ஒவ்வொன்றாகத் தேய்ப்பவர், அச்சிற் செய்யாது விட்ட வேலையைத் தம் கையால் நூறுமுறை செய்கின்றார் என்பதே உண்மை.

அங்ஙனம் செய்ய விரும்புவார் நினைவிற் கொள்ளவேண்டுவன சில. கணினியினின்று விசைப்பலகையைப் பிரித்த பின்னரே சுவிட்சைக் கழற்றுதல் வேண்டும். தண்டின் இருபுறத்து ஓரங்களே கூட்டினுள் உராய்வன. அவற்றை மட்டும் நுண்ணிய பசையால் மெல்லத் தேய்த்தல் போதும். அழுத்துகையில் இடையே ஒரு தடையை உணர்த்தும் வகைகளில், தண்டின் கால்களிலுள்ள மேட்டைத் தொடலாகாது. அது தேய்ந்தால் அச்சுவிட்சின் இயல்பே கெடும். கீழ்க்கூட்டிலுள்ள தகட்டின் தொடுமுனையில் தேய்பொருள் அறவே படலாகாது. சிறந்த சுவிட்சுகளில் அம்முனை பொற்கலவையால் ஆயது. அதனைத் தேய்த்தால் எழுத்துப் பதியாமலும் இருமுறை பதிந்தும் தொல்லை தரும்.

இவற்றினும் பெருங்கேடு ஒன்றுண்டு. மென்பொருளும் வன்பொருளும் உராயுமிடத்துத் துகள் மென்மையான முகத்திற் பதிந்து நின்று, எதிர்முகத்தை அரிக்கும் இயல்புடையது. கடிய எஃகை மெருகிட மெல்லிய செம்பிலும் மரத்திலும் வைரத்தூளைப் பதிப்பது இவ்வியல்பு கொண்டே. தண்டிற் பதிந்த துகளைக் கழுவாது விட்டால் அத்தண்டே அரமாக மாறி, அழுத்துந்தோறும் கூட்டைத் தேய்க்கும். தொடக்கத்தில் மென்மை மிகுவதுபோற் காணினும், நாளடைவில் இடைவெளி அகன்று தண்டு ஆடத் தொடங்கும். உராய்வைக் குறைக்கப் புகுந்தவர் உறுதியை இழந்தவராவர். தேய்ந்ததை மீட்கும் வழியுமில்லை. ஆதலின் வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் மெல்லிய தூரிகையால் இருமுறை கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே உறுப்புகளைச் சேர்த்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் நம் கருத்து இதுவே: முதலில் மெல்லிய மசகு தடவிப் பார்க்க, பெரும்பாலான சரசரப்பு அதனாலேயே அடங்கும், தீதெனில் துடைத்துவிடலாம். அதனாலும் அடங்காத சுவிட்சு ஒன்றிரண்டை மட்டும் மெருகிட்டு, ஒரு திங்கள் பழகி, நலங்கண்ட பின்னரே மற்றவற்றைத் தொடுக. மசகு சேர்ப்பது, மெருகு நீக்குவது. சேர்த்ததை நீக்கலாம்; நீக்கியதைச் சேர்த்தல் அரிது.