முடி உதிர்வுக்கு விடை எண்ணெயில் இல்லை

அண்மையில் 34 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசை மீது வைத்தார். ஒரு வாரத்தில் சீப்பில் சேர்ந்த முடி அது. ஓராண்டாக ஆறு வகை எண்ணெய்களையும், விளம்பரத்தில் பார்த்து வாங்கிய பயோட்டின் மாத்திரைகளையும் பயன்படுத்தியிருக்கிறார். 'முடி கொட்டுவதற்கெல்லாமா டாக்டரிடம் போவார்கள்' என்று வீட்டில் சிரித்தார்களாம்.

நான் முடியை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்டேன். எப்போதும் சோர்வு, காரணமின்றிக் கூடிய எடை, மலச்சிக்கல், மின்விசிறிக் காற்றைக்கூடத் தாங்க முடியாத குளிர், மாதவிடாயின்போது அதிக இரத்தப்போக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பயோட்டினைச் சில நாள்கள் நிறுத்தச் சொல்லிவிட்டு இரத்தப் பரிசோதனை செய்தோம். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது. இரும்புச் சத்தும் குறைவு. ஓராண்டாக அவரது உடல் சொல்லிவந்ததை முடிதான் முதலில் வெளிக்காட்டியது.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வளர்நிலையில் இருக்கும். எஞ்சியவை ஓய்வுநிலையில் சுமார் மூன்று மாதங்கள் இருந்து உதிரும். எனவே, நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. உடல் பெரும் அதிர்ச்சியைச் சந்திக்கும்போது, வளர்நிலையில் இருக்கும் முடிகள் பல ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குச் சென்றுவிடுகின்றன. அவை உதிரத் தொடங்குவதோ இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து. டெங்கு, டைஃபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டுவது இப்படித்தான். காய்ச்சலை மறந்துவிட்டுத் தண்ணீரையும் ஷாம்புவையும் நாம் குறைகூறுகிறோம்.

இந்தச் சுழற்சியை நெறிப்படுத்துவதில் ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதால் முடிகள் வளர்நிலையிலேயே நீடிக்கின்றன. பிரசவத்துக்குப் பின் அது சட்டெனக் குறைவதால், தேங்கியிருந்த முடிகள் சேர்ந்து உதிர்கின்றன. பெரும்பாலும் ஓராண்டுக்குள் இது தானாகவே சரியாகிவிடும். தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் மிகுந்தாலும் முடி மெலிந்து உதிரும்.

மூன்றாவது, ஆண்ட்ரோஜன். 'ஆண் ஹார்மோன்' எனப்பட்டாலும் பெண்ணின் சினைப்பையும் அட்ரீனல் சுரப்பியும் சிறிதளவு இதைச் சுரக்கின்றன. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் இது மிகுவதால் மாதவிடாய் தவறுதல், முகத்தில் ரோமம், பருக்கள் ஆகியவற்றுடன் உச்சந்தலை முடியும் மெலியும். ஆண்களைப் போல் முன்நெற்றி ஏறாது. வகிடுதான் அகன்றுகொண்டே போகும். ஆண்ட்ரோஜன் அளவு இயல்பாக இருந்தும், மரபு காரணமாக இவ்வாறு முடி மெலியும் பெண்களும் பலர். மாதவிடாய் நின்ற பிறகு இது மேலும் வெளிப்படையாகத் தெரியலாம்.

எல்லாப் பழியையும் ஹார்மோன் மீது போடுவதும் தவறு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 53.4% பேருக்கு இரத்தசோகை உள்ளது. வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்ணும் வழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எண்ணெய் முடியின் வறட்சியைக் குறைக்கும், தைராய்டைச் சரிசெய்யாது. பயோட்டின் குறைபாடு அரிதானது. அதிக அளவில் உட்கொள்ளும் பயோட்டின், தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவைப் பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. மினாக்சிடில் பயன் தரும் மருந்துதான். ஆனால், பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தடவுவது நல்லதல்ல.

மூன்று மாதங்களுக்கு மேல் உதிர்வு நீடித்தாலோ, வகிடு அகன்றாலோ, மாதவிடாய் ஒழுங்கு மாறினாலோ மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டி.எஸ்.எச். ஆகிய மூன்று பரிசோதனைகள் பெரும்பாலும் வழிகாட்டிவிடும். ஓர் எண்ணெய்ப் புட்டிக்குச் செலவிடத் தயங்காத நாம், இதற்குத் தயங்கக் கூடாது.

அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் நான்கு மணி நேர இடைவெளியில் உட்கொள்ளச் சொன்னேன். ஐந்து மாதங்கள் கழித்து வந்தபோது கையில் பொட்டலம் இல்லை. முடியைப் பற்றி அவர் முதலில் பேசவும் இல்லை. "மாலையில் பிள்ளையோடு விளையாட முடிகிறது டாக்டர்" என்றார்.