நொய்யல் கரையிலிருந்து மொரீஷியஸ் வரை!

குட்டீஸ், பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் வாங்கினால், ஒரு சின்ன மெஷினை 'டர்ர்ர்' என்று ஓட்டி அதில் பெயர் வெட்டித் தருவார்களே, பார்த்திருக்கிறீர்களா?

நம் கொங்கு நாட்டில் இந்தப் பழக்கம் 2,000 வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது! அப்போது எவர்சில்வர் ஏது? எல்லாம் மண்பானைதான். கூரான ஆணி போன்ற ஒன்றால் பானையில் பெயரைக் கீறி வைத்தார்கள்.

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1985ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். பிறகு பல முறை அகழாய்வு நடந்தது. எழுத்துள்ள பானை ஓடுகள் மட்டும் 500க்கும் மேல் கிடைத்துள்ளன. ஆதன், சாத்தன், சம்பன், பண்ணன் என்று பெயர் பெயராக இருக்கிறது. எழுத்து, நம் எழுத்தின் கொள்ளுத்தாத்தாவான தமிழ்-பிராமி.

ராஜா எழுதச் சொன்னால் கல்லில் வெட்டி விடுவார்கள். பானையில் யார் கீறுவார்? அதை வைத்திருந்தவர்தானே! அந்த ஊரில் சாதாரண ஜனங்களும் எழுதப் படிக்கத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? (ஆதனும் சாத்தனும் "ஏனுங்க" போட்டுப் பேசிக்கொண்டார்களா என்றுதான் தெரியவில்லை. பானை அதைச் சொல்லவில்லை!)

அப்படி அந்த ஊரில் என்ன விசேஷம்? கல்மணி! பக்கத்துப் படியூரில் பெரில் என்ற நவரத்தினக் கல் கிடைத்தது. நீலக்கல், பளிங்கு என்று பலவகைக் கற்களைக் கொடுமணலில் பட்டை தீட்டி, துளை போட்டு மணியாக்கினார்கள். இரும்பும் உருக்கினார்கள். ஊரும் நல்ல இடத்தில் அமைந்திருந்தது. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போகும் பெருவழியில் இருந்த ஊர் இது. கோவை வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்ததற்கும் இந்த வழிதான் காரணம்.

சரக்கு கப்பல் ஏறியது. கூடவே தமிழும் ஏறியது!

எகிப்து நாட்டில், செங்கடல் ஓரம் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழ்-பிராமியில் எழுதியிருக்கிறது. ஒறி என்றால் நம்ம உறிதான்! கிருஷ்ண ஜெயந்தி உறியடிக்குக் கயிற்றில் பானையைத் தொங்க விடுவோமே, அதே உறி. அதே கடற்கரையில் உள்ள பெரெனிகேயில், இந்தியாவில் செய்த ஒரு ஜாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

கிழக்குப் பக்கமும் போனார்கள். தாய்லாந்தில், பொன்னை உரைத்துப் பார்க்கும் சின்ன உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் 'பெரும்பதன் கல்' என்று சொந்தக்காரரின் பெயர்! 1409ல் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே, இலங்கையின் காலியில் நிறுவக் கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. அந்தக் கடலில் வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரிந்த மொழி என்பதால்தான் தமிழையும் பொறித்தார்கள்.

அப்படியானால் இன்று எகிப்தில் ஏன் யாரும் தமிழ் பேசவில்லை?

மெஸ்ஸியை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் அர்ஜென்டினாக்காரர். பேசுவது ஸ்பானிஷ். ஸ்பெயின் எங்கே, அர்ஜென்டினா எங்கே? நடுவில் ஒரு மகா சமுத்திரம்! 1492ல் கொலம்பஸ் போய் வழி காட்டினார். பின்னாலேயே ஸ்பெயின் படைகள் போய் நாடுகளைப் பிடித்தன. முன்னூறு வருடம் ஆண்டார்கள், குடியேறினார்கள். ஆட்சி, கோயில், பள்ளி எல்லாம் ஸ்பானிஷ். அங்கிருந்த எத்தனையோ பழைய மொழிகள் நசுங்கிப் போயின. இன்று ஏறக்குறைய இருபது நாடுகளுக்கு ஸ்பானிஷ் ஆட்சிமொழி.

நம் வியாபாரி அப்படியில்லை. மிளகை விற்றார், பொன்னை வாங்கினார், காற்று திரும்பியதும் கப்பல் ஏறி வீட்டுக்கு வந்து விட்டார். ராஜேந்திர சோழன் 1025ல் கடல் தாண்டிப் படை அனுப்பியது உண்மைதான். ஆனால், அந்தப் படை அங்கேயே தங்கி ஆளவில்லை. தாலாட்டுப் பாட ஒரு தாயும், கேட்க ஒரு குழந்தையும் இருந்தால்தானே மொழி ஓர் ஊரில் தங்கும்?

அப்படிக் குடும்பத்தோடு தமிழர்கள் பெருங்கூட்டமாகப் போனது பிரிட்டிஷ்காரர் காலத்தில். வியாபாரியாக அல்ல, கூலியாக! இலங்கையில் தேயிலை, மலேயாவில் ரப்பர், மொரீஷியஸிலும் பிஜியிலும் கரும்பு. 1860ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 300க்கும் மேற்பட்டவர்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கொண்டு போனது. அவர்களைப் போலப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். தமிழ்ப் பெயர் வைக்கிறார்கள். ஆனால், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

மலேசியாவில் கதை வேறு. அங்கே 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. சிங்கப்பூரிலோ தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதில் தமிழ் எழுத்து இருக்கிறது! ஆங்கிலம், தமிழ், இந்தி என்பது வரிசை. 1998ல் அடித்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளி விட்டார்கள். அங்குள்ள தமிழர்களுக்கு வந்ததே கோபம்! பிரெஞ்சுக்காரர் ஆண்டபோதே அந்தத் தீவில் வீடும் சாலையும் கட்டப் போனவர்கள் எங்கள் முன்னோர், எங்கள் மொழியை ஏன் பின்னால் தள்ளினீர்கள் என்று போராடினார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே புது நோட்டு அடித்தது.

அப்படிப் போராடியவர்களில் பலருக்கு அந்த நோட்டில் இருந்த தமிழைப் படிக்கத் தெரியாது. அவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல்.