வீட்டை விற்கும் முன் ஆய்வு: ஸ்காட்லாந்தின் வீட்டு அறிக்கை

ஒரு வீட்டை விற்பனைக்கு அறிவிப்பதற்கு முன்பே, அதன் கட்டட நிலையைத் தகுதி பெற்ற ஆய்வாளரைக் கொண்டு பரிசோதித்து, எழுத்து வடிவில் பெற்றுக்கொள்வது விற்பனைக்கு முந்தைய வீட்டு ஆய்வு எனப்படும். பல நாடுகளில் வீட்டைச் சோதித்துப் பார்ப்பது வாங்குபவரின் பாடு; விற்பவர் விரும்பினால் முன்கூட்டியே செய்துகொள்ளலாம். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் 1 முதல் இது விற்பவரின் சட்டக் கடமை. அங்கு இதனை 'ஹோம் ரிப்போர்ட்', அதாவது வீட்டு அறிக்கை என்கிறார்கள். புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளுக்கு விலக்கு உண்டு.

பின்னணி

ஸ்காட்லாந்தில் பல வீடுகள் 'இந்தத் தொகைக்கு மேல்' என்ற அறிவிப்புடன் விற்பனைக்கு வருகின்றன. பலர் விரும்பினால், விற்பவர் தரப்பு ஒரு கடைசி நாளைக் குறிக்கும். ஒவ்வொருவரும் தம் வழக்கறிஞர் வழியாக ஒரு விலையைத் தெரிவிப்பர். மற்றவர் கேட்ட விலை யாருக்கும் தெரியாது. விலை கேட்பதற்கு முன் வீட்டின் நிலை தெரிய வேண்டும், வங்கிக் கடனுக்கு மதிப்பீடும் வேண்டும். ஆகவே ஒரு வீட்டை ஐந்து பேர் விரும்பினால், ஐவரும் தனித்தனியே பணம் கொடுத்து ஒரே கூரையைச் சோதிக்க நேர்ந்தது. நால்வரின் பணம் வீண். தோற்றவர் அடுத்த வீட்டுக்குப் போய் மறுபடியும் செலவழிக்க வேண்டும். ஆட்களை இழுப்பதற்காகவே தொடக்க விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கமும் இருந்ததால், கைக்கு எட்டாத வீட்டுக்கு ஆய்வுக் கட்டணம் கட்டியவர்களும் உண்டு.

இதை மாற்ற, விற்பவரே ஆய்வு செய்து தரும் முறை 2004இல் விருப்ப அடிப்படையில் முயன்று பார்க்கப்பட்டது. மிகச் சிலரே முன்வந்தனர். தன் வீட்டின் குறைகளைத் தன் செலவிலேயே எழுதி வாங்க யார் விரும்புவார்? பின்னர் 2006ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து வீட்டுவசதிச் சட்டம் அதனைக் கட்டாயமாக்க வழி செய்தது.

அறிக்கையில் இருப்பவை

அறிக்கைக்கு மூன்று பகுதிகள். ஒன்று கட்டட ஆய்வும் விலை மதிப்பீடும். இன்னொன்று வீட்டின் எரிசக்திப் பயன்பாடு பற்றியது. மூன்றாவது, விற்பவரே நிரப்பும் வினாப் படிவம்: வீட்டில் என்ன மாற்றங்கள் செய்யப்பட்டன, வெள்ளமோ தீயோ பாதித்ததா, கல்நார் இருக்கிறதா, பொதுப் பராமரிப்புக்கு யார் பணம் தருகிறார்கள் போன்ற கேள்விகள். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் பழைய கல் அடுக்ககங்களில் ஒரே கூரையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதால் இந்தக் கடைசிக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

முதல் பகுதியே அறிக்கையின் உயிர். கூரை, புகைபோக்கி, சுவர், மழைநீர்க் குழாய் என ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர் 1, 2, 3 என எண் இடுவார். 1 என்றால் உடனடி வேலை எதுவும் இல்லை. 2 என்றால் பின்னாளில் கவனிக்க வேண்டும். 3 என்றால் அவசரப் பழுது. 3ஐக் கண்டால் எவரும் சற்று நிற்பார். ஆனால் அந்த 3 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பல நேரங்களில் தொடக்கம் சிறியதாக இருக்கும். கூரை விளிம்பின் மழைநீர்க் குழாயில் பாசியும் சருகும் அடைத்துக்கொண்டால் நீர் வழிந்து மணற்கல் சுவரை நனைக்கும். கல் இடுக்குகளைச் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் கொண்டு பூசியிருந்தால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். சுவரில் பதிந்த மரச் சட்டங்கள் ஈரமானால் 'உலர் அழுகல்' எனப்படும் பூஞ்சை பிடிக்கும். பெயரில்தான் உலர்வு, ஈரமில்லாமல் அது தொற்றுவதில்லை. சுவருக்குள் ஊடுருவி அடுத்த அறையின் மரத்தையும் அது எட்டிவிடும். குழாயைச் சுத்தம் செய்யும் செலவு எங்கே, தரையையும் பூச்சையும் பெயர்த்துச் சீராக்கும் செலவு எங்கே! ஆய்வாளரை அழைப்பதற்கு முன்பே விற்பவர் ஒருமுறை மழையில் வெளியே நின்று தன் சுவரைப் பார்ப்பது நல்லது.

நம்பகமும் வரம்பும்

விற்பவர் பணம் கொடுத்து வாங்கிய அறிக்கையை வாங்குபவர் நம்பலாமா? ஆய்வாளர் பட்டயக் கட்டட ஆய்வாளர்களின் அரச நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பணம் தந்தவர் விற்பவரே ஆயினும், அறிக்கையின் சரித்தன்மைக்கு ஆய்வாளர் வாங்குபவரிடமும் பொறுப்பாவார். இந்த விதி இல்லாவிட்டால் அறிக்கை வெறும் விளம்பரத் தாளாகிவிடும்.

எனினும் இது கண்ணால் பார்த்துச் செய்யும் ஆய்வே. தரைவிரிப்பைப் பெயர்ப்பதில்லை, மின்கம்பிகளைச் சோதிப்பதில்லை. உயரமான புகைபோக்கியைத் தரையில் நின்று தொலைநோக்கியால் பார்ப்பதும் உண்டு. ஐயம் எழுந்தால் வாங்குபவர் தனியாகத் துறை வல்லுநரை அழைக்கத்தான் வேண்டும். வீடு முதன்முதலில் விற்பனைக்கு வரும்போது அறிக்கை 12 வாரங்களுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. கேட்பவருக்கு 9 நாள்களுக்குள் நகல் தர வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007இல் இதே போன்ற தகவல் தொகுப்பு வந்தது. ஆனால் கட்டட நிலை அறிக்கையை முன்னதாகவே விருப்பத்திற்கு விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே கிடைக்கக்கூடிய ஆவணங்களே பெரும்பாலும் மிஞ்சின. 2010 மே மாதம் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. எரிசக்திச் சான்றிதழ் மட்டும் தொடர்கிறது. கட்டட ஆய்வு அங்கு மீண்டும் வாங்குபவரின் செலவாகவே உள்ளது.