'ஏ'யா, 'ஆன்'னா?

வேலைக்கு மனு எழுத உட்காருகிறார் ஒரு பட்டதாரி. 'யூனிவர்சிட்டி'க்கு முன்னால் 'ஏ' போடுவதா, 'ஆன்' போடுவதா? பேனா நின்றுவிடுகிறது.

ஆங்கில உயிரெழுத்து ஐந்துக்கும் முன்னால் 'ஆன்' வரும் என்று பள்ளியில் நெட்டுருப் போட்டவர்கள், 'ஆன் யூனிவர்சிட்டி' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை!

தமிழருக்கு இது புதிதல்ல. ஓர் ஊர், ஒரு வீடு என்பதும் இதே கணக்குத்தான்.

எளிய வழி

சொல்லை ஒலிக்கிறபடி தமிழில் எழுதிப் பார்த்தால் போதும். 'யூனிவர்சிட்டி'யில் முதல் எழுத்து உயிர்மெய், ஆகவே 'ஏ'. மணி நேரத்தைக் குறிக்கும் 'ஹவர்' என்ற சொல்லில் 'எச்' ஒலிப்பதில்லை. சரியான ஒலி 'அவர்', ஆகவே 'ஆன்'. 'எம்.எல்.ஏ.'வுக்கும் 'ஆன்'தான். 'யெம்மெல்லே' என்ற பேச்சு வழக்கை நம்பக் கூடாது! 'ஒன்' என்பதும் ஏமாற்றும். அதன் ஒலி 'வன்', ஆகவே 'ஏ'.

ஆங்கிலேயரும் இதில் தடுமாறியவர்களே. கிரிக்கெட் 'அம்பயர்' முற்காலத்தில் நகரத்தில் தொடங்கிய சொல். முன்னால் நின்ற 'ஏ', அந்த 'ந்'ஐ இழுத்துக்கொண்டு 'ஆன்' ஆகிவிட்டது. பிழையே சொல்லாக நிலைத்தது.

மனு எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது!