கடல் ஏறுகிறது, கணக்குப் பார்க்க ஆள் வேண்டும்

கரையோரத்தில் காணி வாங்கும் நம்மவர் உறுதியைப் பார்ப்பார், வீதி முகப்பை அளப்பார். அந்தக் கடல் மணலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று விசாரிப்பவர் மிகக் குறைவு.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளதாக ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழு 2021இல் அறிவித்தது. 2006இன் பின்னர் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். இதைச் சொன்னால் கடைத்தெருவில் சிரிப்பார்கள். ஆனால் மணற்கரை சரிவானது. கடல் ஒரு சென்ரிமீற்றர் ஏறினால் கரை அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை பின்வாங்கலாம் என்பது பொறியியலாளர்களின் தோராயக் கணக்கு. கிணறும் தப்பாது. மணற்பாங்கான ஊர்களில் நன்னீர், நிலத்தடி உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது. கடல் நெருங்க நெருங்க அந்த நன்னீர்ப் படை மெலியும்.

இதற்குக் கல் போட்டால் போதும் என்போர் ஒலுவிலைப் பார்க்க வேண்டும். டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரிபட்டது. தென்னங்காணிகள் கடலுக்குள் போயின. இது கடல்மட்ட உயர்வின் வேலையல்ல, கட்டுமானத்தின் விளைவு. ஆயினும் கடல் ஏற ஏற ஒவ்வோர் ஊரும் கல்லணை கேட்கும். ஓர் ஊருக்குப் போடும் கல் அடுத்த ஊரின் கரையைத் தின்னும். கேட்டு வாங்கிக் கொடுக்கும் அரசியல்வாதிக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

ஆகவே முதற்செலவு கல்லுக்கல்ல, அளவைக்கு. வடகீழ்ப் பருவக்காற்றிலும் தென்மேல் பருவக்காற்றிலும் அலையையும் மணலையும் அளந்து படிப்பவர், கிணற்று உப்பைச் சோதிப்பவர், காணி மதிப்பீட்டாளர், காப்புறுதிக் கணிப்பாளர் எல்லோரும் தேவை. எமது செல்வந்தர்களின் புலமைப்பரிசில்களோ பெரும்பாலும் மருத்துவத்தோடும் கணக்கியலோடும் நின்றுவிடுகின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பதே ஒலுவிலில்தான். கரையோரப் பொறியியலில் மேற்படிப்புக்கு ஆண்டுக்கு இரு பிள்ளைகளை அனுப்ப வர்த்தக சங்கங்களால் முடியாதா?

அதுவரை, காணி பேசும்போது பழைய நில அளவைப் படத்தைக் கேட்டு வாங்கி, இன்றைய கரையோடு ஒப்பிட்டு அளவுங்கள். கட்டத் தடையுள்ள எல்லையைக் கரையோரம் பேணல் திணைக்களத்தில் விசாரியுங்கள். கிணற்றுத் தண்ணீரை மாரியில் அல்ல, கடும் கோடையில் குடித்துப் பாருங்கள்.